கல்யாணம் கோவையில், மறுநாள் குன்னூரில்: பழைய நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் நண்பனின் திருமணம். ஒரே விடுதியில் படித்தவர்கள் சென்னை, பெங்களூரு, மஸ்கட் என்று பல திசைகளிலிருந்தும் வந்து சேர்கிறார்கள். "இவ்வளவு தூரம் வருகிறோம், அப்படியே மேலே போய்விட்டு வரலாமே" என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார். அன்று இரவுக்குள் செய்திகள் மளமளவென்று குவிகின்றன. முடிவு மட்டும் வருவதில்லை. அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில். நீலகிரியை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்க்கும் இடங்களைக் குறையுங்கள், உட்கார்ந்து பேசும் நேரத்தைக் கூட்டுங்கள்.

மலைக்குப் போவது கல்யாணத்துக்கு முன்பா, பின்பா?

பின்புதான். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. முன்னதாகப் போனால், மாலை வரவேற்புக்கு இறங்கி வரும் வழியில் ஒரு மரம் சாய்ந்தாலும் போதும், குன்னூர் மலைச்சாலையில் பர்லியாருக்கு மேலே வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிடும். மேடையில் மாப்பிள்ளை உங்களைத் தேடிக்கொண்டிருப்பான். நீங்கள் கொண்டை ஊசி வளைவில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். குளிரில் தொண்டை கட்டிக்கொண்டு வந்து மண்டபத்தில் இருமுவது தனி.

பின்னால் போவதில் இன்னொரு வசதியும் உண்டு. அதிகாலை முகூர்த்தம் என்றால் பகல் பந்தியோடு உங்கள் கடமை முடிந்துவிடுகிறது. சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணிக்குக் கிளம்பினால், கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 35 கிலோமீட்டர், அங்கிருந்து குன்னூருக்கு ஏறக்குறைய அதே தூரம். வழியில் நெரிசல் இல்லாவிட்டால் இருட்டுவதற்கு முன்பே அறைக்குப் போய்விடலாம். காலைச் சிற்றுண்டியோடு நழுவிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். கேட்காதீர்கள். பந்தியில் உங்கள் இலை காலியாகக் கிடந்தால் அதை முதலில் கவனிப்பவர் மாப்பிள்ளையின் அம்மாவாகத்தான் இருப்பார்.

மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

விட்டுவிடுங்கள். அவனுக்கு மறுவீடு இருக்கிறது, குலதெய்வம் கோயில் இருக்கிறது, இரண்டு வீட்டுப் பெரியவர்களின் காலில் விழுவது இருக்கிறது. "ஒரே ஒரு நாள்தானே" என்று நீங்கள் கேட்டால் அவனால் மறுக்க முடியாது. மறுக்க முடியாதவனிடம் கேட்பது நியாயம் இல்லை. அவனோடு ஊர் சுற்ற வேண்டுமென்றால் பத்திரிகை அடிப்பதற்கு முந்தைய மாதமே ஒரு வார இறுதியை ஒதுக்கியிருக்க வேண்டும். இரவு பதினொன்றுக்கு மலைமேலிருந்து அவனுக்கு வீடியோ அழைப்பு போடுவதும் வேண்டாம்.

எங்கள் கையில் இல்லாதது முகூர்த்த தேதி. மலை அந்த நேரத்தில் எப்படி இருக்கும்?

பலரும் கவனிக்காத விஷயம் இது. மலைக்கு எப்போது போவது என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை, பஞ்சாங்கம் முடிவு செய்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியைத் தவிர்ப்பவர்களும் நிறைய. ஆக, ஊட்டியின் இரண்டாவது சீசன் என்று சொல்லப்படும் செப்டம்பர், அக்டோபரின் நல்ல பகுதி உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது.

தை மாதக் கல்யாணம் என்றால் வானம் துல்லியமாக இருக்கும், கூட்டம் குறைவு, இரவுக் குளிர் மட்டும் எலும்பு வரை இறங்கும். ஊட்டியை ஒட்டிய தலைக்குந்தாவில் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடப்பது இந்தக் காலத்தில்தான். என்னைக் கேட்டால் மலைக்கு ஏற்ற முகூர்த்த மாதம் தைதான். வைகாசி அதற்கு நேர் எதிர். மே மாதப் பள்ளி விடுமுறை, மலர்க் கண்காட்சி, பழக் கண்காட்சி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அறை வாடகை ஏறும், சாலை நகராது.

ஆனி, ஆவணி முகூர்த்தங்கள் தென்மேற்குப் பருவமழையில் விழுகின்றன. ஆனால் அந்த மழை நீலகிரியின் மேற்குப் பக்கத்தில்தான் கொட்டுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூரும் கோத்தகிரியும் அதே காலத்தில் தூறலோடு தப்பித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை நேராக இந்தக் கிழக்குச் சரிவில்தான் மோதுகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதங்களில் மலை ரயில் ரத்தாவதும் வழக்கம்தான். ஐப்பசிக் கல்யாணம் என்றால், வானிலை எச்சரிக்கை வந்த அன்றே பயணத்தைக் கைவிடும் மனம் உங்களில் ஒருவருக்காவது இருக்க வேண்டும். முன்பணம் போனால் போகட்டும்.

ஊட்டியா, குன்னூரா, கோத்தகிரியா?

குழந்தைகள் கூட வந்தால் ஊட்டி. மற்றபடி குன்னூர் அல்லது கோத்தகிரி. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். அந்த நானூறு மீட்டர் வித்தியாசத்தில் குளிர் கொஞ்சம் தணிகிறது, கூட்டம் நிறையவே தணிகிறது. உங்களுக்குத் தேவை ஒரு வராந்தா, எதிரே தேயிலைத் தோட்டம், நிரம்பிக்கொண்டே இருக்கும் ஒரு ஃபிளாஸ்க். இதற்கு ஊட்டி வரை போக வேண்டியதில்லை.

கல்யாணம் வேறு ஊரில் என்றால் மலையும் மாறும். சேலம் என்றால் ஏற்காடு, பொள்ளாச்சி என்றால் ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை, மதுரை என்றால் கொடைக்கானல். மண்டபத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் எட்ட முடியாத மலையை நினைக்காதீர்கள்.

மலை ரயிலில் போயே ஆக வேண்டும் என்று ஒருவன் அடம்பிடிக்கிறான். முடியுமா?

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் வந்த பாதை அது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 46 கிலோமீட்டர் தூரத்தில் 208 வளைவுகள், 16 குகைப்பாதைகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்குச் செங்குத்தாகிவிடும். சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும் என்பதால், தண்டவாளங்களுக்கு நடுவில் பற்கள் கொண்ட இரும்புப் பட்டை ஒன்று ஓடுகிறது. இன்ஜினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. ஏறும்போது இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் முதல் பெட்டிக்காரர்களுக்கு எதிரே பாதை மறைப்பில்லாமல் தெரியும்.

ஆனால் உங்கள் திட்டத்தோடு அது ஒத்துப்போவதில்லை. மேட்டுப்பாளையத்தில் ரயில் காலை 7.10-க்குக் கிளம்புகிறது. முகூர்த்தத்துக்காக நாலு மணிக்கு எழுந்தவர்களை மறுநாளும் நாலு மணிக்கு எழுப்ப வேண்டும். ஏறி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வேறு. நான் சொல்லும் வழி: வேனில் ஏறுங்கள், ரயிலில் இறங்குங்கள். பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியில் புறப்படும் வண்டி மூன்றேகால் வாக்கில் குன்னூருக்கு வரும். அங்கே டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு நீராவி இன்ஜினை மாட்டுவார்கள். அந்த நேரத்தில் நடைமேடையில் இறங்கி நின்று பாருங்கள், நாற்பது வயதுக்காரர்கள் எல்லோரும் பத்து வயதுப் பையன்களாகிவிடுவார்கள். இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையம். சென்னைக்காரர்கள் அங்கேயே இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துவிடலாம்.

டிக்கெட்தான் பிரச்சினை. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கிறது, ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது, இருக்கைகளோ மிகக் குறைவு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் தனித்தனியாக உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே ஓடும் குறுகிய தூர வண்டியில் ஏறித் திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள். கேத்தி பள்ளத்தாக்கு அந்தப் பகுதியில்தான் வருகிறது, பல்சக்கரம் மட்டும் கிடையாது.

வேனுக்கு இ-பாஸ் கட்டாயமா?

ஆம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கட்டணமும் கிடையாது, இணையத்திலேயே எடுத்துவிடலாம்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். பாஸில் வாகன எண் இருக்க வேண்டும். வாடகை வேன்காரர் "வண்டி கண்டிப்பாக வந்துவிடும்" என்பாரே தவிர, எந்த வண்டி என்று முகூர்த்த நாள் காலை வரை சொல்ல மாட்டார், ஏனென்றால் அவருடைய வண்டிகள் எல்லாம் அதே முகூர்த்தத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். முன்பணம் கொடுக்கும்போதே பதிவு எண்ணை எழுதி வாங்குங்கள். மஞ்சள் எண் பலகை உள்ள வண்டிதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று: வரவேற்பு இரவு முழுக்க உறவினர்களை ரயில் நிலையத்துக்கும் மண்டபத்துக்குமாக ஏற்றி இறக்கிய அதே டிரைவரை மறுநாள் மலையேற்றக் கூடாது. அவர் தூங்கினாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு ஆள்.

சோதனைச் சாவடியில் எதைப் பிடுங்குகிறார்கள்?

தண்ணீர் பாட்டிலைத்தான். கல்யாணக் கூட்டம் இதில் வசமாக மாட்டிக்கொள்ளும். மண்டபத்தில் பந்திக்கு வைத்த அரை லிட்டர் பாட்டில்கள் மீந்துபோகும். "வழிக்கு ஆகும்" என்று ஒரு பெரியப்பா இரண்டு கட்டு தூக்கி வேனில் வைத்துவிடுவார். கூடவே தாம்பூலப் பைகள். தேங்காய், வெற்றிலை பாக்கு எல்லாம் சரிதான், பை மட்டும் பளபளக்கும் பிளாஸ்டிக்காக இருக்கும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கும் சிறிய தண்ணீர் பாட்டிலுக்கும் தடை இருக்கிறது. சாவடியில் வண்டியை நிறுத்தி, இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்து எடுத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. கோவையிலேயே எல்லாவற்றையும் துணிப்பைக்கு மாற்றிவிட்டு, ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சாலையோரங்களில் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன.

கல்யாணச் சாப்பாட்டோடு ஏறினால் வாந்தி வராதா?

வரும் ஆளுக்கு வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஆள் யார் என்பது கல்லூரிச் சுற்றுலாவிலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வெட்கப்படாமல் அவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். பார்வை தூரத்துச் சாலையில் இருக்கட்டும், கைப்பேசியில் வேண்டாம். இரண்டாவது பாயசத்தை மறுத்துவிடட்டும். இஞ்சி மரப்பா சிலருக்குக் கேட்கிறது. மாத்திரை என்றால் மருத்துவரிடம் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வளைவுக்கு வந்தபின் போட்டுப் பயனில்லை.

செலவை எப்படிப் பிரிப்பது? மொய்யையும் அதிலேயே சேர்த்துவிடலாமா?

சேர்க்காதீர்கள். மொய் வேறு, பயணக் கணக்கு வேறு. எல்லோரும் சேர்ந்து ஒரே கவரில் போட்டுவிடலாம் என்று தோன்றும். மண்டப வாசலில் மொய் எழுதுபவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பேர், ஊர்?" என்று கேட்பார். "கல்லூரி நண்பர்கள்" என்று சொன்னால் அவர் அதையே எழுதிக்கொள்வார். பின்னாளில் உங்கள் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும் முன் மாப்பிள்ளையின் அப்பா அந்த நோட்டைப் புரட்டும்போது, யாருக்கு என்ன திருப்பிச் செய்வது என்று அவருக்குத் தெரியாது. நூற்றி ஒன்றோ ஆயிரத்து ஒன்றோ, அவரவர் பெயரில் தனியாக எழுதிவிடுங்கள். சேர்ந்து செய்ய ஆசைப்பட்டால் ஒரு பரிசுப் பொருளை வாங்கிக் கொடுங்கள்.

பயணச் செலவில் இதைவிட நுட்பமான ஒரு விஷயம் உண்டு. விடுதியில் எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டுக் கட்டணம். இன்று அப்படி இல்லை. ஒருவர் வெளிநாட்டில் சம்பாதிக்கிறார், இன்னொருவர் கடையை மூடிவிட்டுக் கடன் அடைத்துக்கொண்டிருக்கிறார், அதைக் குழுவில் சொன்னதுகூட இல்லை. சொகுசு விடுதியின் இணைப்பை ஒருவர் போட, நாலு பேர் உடனே கட்டைவிரலை உயர்த்த, அவர் மட்டும் அன்று இரவு "எனக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை" என்று எழுதுவார். விடுப்பு கிடைக்காதவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் கிடைக்காதது பணம்தான்.

ஆகவே, அறையை முடிவு செய்வதற்கு முன் ஒருவர் எல்லோரையும் தனித்தனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, "இவ்வளவுக்குள் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்க வேண்டும். குழுவில் கேட்கக் கூடாது. வந்த தொகைகளில் மிகக் குறைவானதுதான் எல்லோருக்கும் தொகை. வசதியுள்ளவருக்குக் கொடுக்க ஆசை என்றால் வேன் வாடகையை அவர் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளட்டும். டிரைவர் பேட்டா, அவருடைய சாப்பாடு, தங்கும் இடம் மூன்றையும் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள். கடைசியில் எழுதினால் விட்டுப்போகும்.

குடும்பத்தோடு போவதா, நண்பர்கள் மட்டுமா?

எதுவானாலும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டு பேர் மனைவி குழந்தைகளோடும் எட்டுப் பேர் தனியாகவும் வந்தால், அந்த இரண்டு குடும்பங்களும் அறையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும். பெண்களும் இருக்கும் நண்பர் குழு என்றால் அறைப் பங்கீட்டை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். வரவேற்பறையில் சாவியை வைத்துக்கொண்டு பேசுவது யாருக்கும் சங்கடம்.

மது?

விட்டவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரைக் கிண்டல் செய்யாதீர்கள், ஏன் விட்டாய் என்றும் கேட்காதீர்கள். டிரைவருக்கு ஊற்றிக் கொடுக்கும் தாராளத்தை யாரும் காட்ட வேண்டாம். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருவார்கள். 2022-இல் தொடங்கிய ஏற்பாடு இது. தேயிலைத் தோட்டத்தில் உடைந்து கிடக்கும் கண்ணாடி காட்டெருமையின் குளம்பிலும் ஏறும், கொழுந்து பறிப்பவர்களின் காலிலும் ஏறும்.

காட்டெருமை என்றதும் ஞாபகம் வருகிறது: குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மாலை மங்கியதும் அவை குடியிருப்பு வரை வந்து மேயும், கரடியும் வரும். இரவு ஒரு மணிக்குத் தோட்டத்துக்குள் நடை போகலாம் என்று ஒருவன் கிளம்புவான். கதவைத் தாழிடுங்கள்.

இத்தனை வருடம் கழித்துச் சந்திக்கிறோம். பேச எதுவும் இல்லாமல் போனால்?

முதல் இரவு அந்தப் பயமே வராது. வார்டன் கதை, அரியர் கதை, யார் யாருக்குக் காதல் கடிதம் எழுதிக் கொடுத்தார் என்ற கதை எல்லாம் ஓடும். மறுநாள் மதியம் அந்தச் சரக்கு தீரும். அப்போதுதான் எல்லோரும் கைப்பேசியை எடுப்பார்கள், ஒருவர் "வாருங்கள், தொட்டபெட்டா போகலாம்" என்று எழுந்துகொள்வார். அங்கே போய் நெரிசலில் ஒரு மணி நேரம், உச்சியில் மேகத்துக்குள் பத்து நிமிடம்.

எழுந்திருக்காதீர்கள். இரண்டிரண்டு பேராகக் கடைவீதிக்கு வர்க்கி வாங்கப் போங்கள், சிம்ஸ் பூங்காவில் நடங்கள். கும்பலாக இருக்கும்போது எல்லோரும் பழைய பட்டப்பெயரோடு பழைய ஆளாகவே நடிப்பார்கள். இருவராக நடக்கும்போதுதான் அப்பாவின் மருத்துவச் செலவு, பிள்ளையின் படிப்பு, பிரிந்துபோன மனைவி என்று இன்றைய ஆள் வெளியே வருவார். பழைய மனத்தாங்கல் உள்ள இருவரைச் சேர்த்துவைக்கிறேன் என்று மற்றவர்கள் நாட்டாமை செய்ய வேண்டாம். ஒரே அறையைக் கொடுக்காமல் இருந்தாலே போதும்.

அப்படியானால் எதையுமே பார்க்க வேண்டாமா?

ஒரு நாளைக்கு ஓர் இடம். குன்னூரில் தங்கினால் டால்பின் நோஸ், அங்கிருந்து எதிர்ச்சரிவில் விழும் கேத்தரின் அருவி தெரியும். கோத்தகிரியில் தங்கினால் கோடநாடு காட்சிமுனை. காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு மேகம் ஏறி வந்து மூடிக்கொள்ளும் நாட்கள் அதிகம்.

துணிமணி?

பட்டு வேட்டியையும் புடவையையும் கோவையிலேயே உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள். ஈரக்காற்றில் மடிப்போடு கசங்கும். ஸ்வெட்டர், குல்லாய், காலுறை. செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு வருபவர் இந்தக் குழுவிலும் ஒருவர் இருப்பார், அவருக்கும் சேர்த்து ஒரு ஜோடிக் காலுறை.

இறங்கும்போது எந்த வழி?

ரயில் கிடைக்காதவர்களுக்கான பதில் இது. சீசனில் போலீஸார் ஒருவழிப் போக்குவரத்து வைப்பார்கள்: ஏறுவது பர்லியார், குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. குன்னூரில் தங்கியிருந்தாலும் கோத்தகிரியைச் சுற்றித்தான் இறங்க வேண்டியிருக்கும் என்பதால், விமானம் பிடிப்பவர்கள் குறைந்தது ஐந்து மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். எந்த கியரில் ஏறினாரோ அதே கியரில் டிரைவர் இறங்குகிறாரா என்று முன் இருக்கையில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்; நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். எரிந்த ரப்பர் போன்ற வாடை வந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவரை விரட்டாதீர்கள்.